என் தம்பியின் மேல் எழுதப்பட்ட ஒரு வரியை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
சலவைக் கடை அக்கா (தெருவில் இந்தப் பெயரைச் சொன்னால்தான் தெரியும்),
மேம்பாலத்துக்குக் கீழே இரண்டாவது கடை.

பெறுநர்:
மாண்புமிகு நீதிபதி அவர்கள்,
வாகன விபத்து இழப்பீட்டு நீதிமன்றம்.

பொருள்: ஐந்து வண்டிகள் மோதிய வழக்கில் நான்காம் எதிர்மனுதாரராகிய என் தம்பியை விடுவிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த வழக்கில் கால் முறிந்த மனுதாரர் நான்தான். பள்ளிக்கூடமும் நானும் ஐந்தாம் வகுப்பிலேயே சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

2. விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பது என் தொழில். மூட்டைகளை வேனில் ஏற்றி ஓட்டிப்போவது என் தம்பி. பக்கத்து இருக்கையில் நான். பிரேக் போடுவதற்கு முன்னால் "அக்கா, பிடிச்சுக்கோ" என்று சொல்வது அவன் வழக்கம். வேகத்தடைக்கும் சொல்வான், பூனை குறுக்கே போனாலும் சொல்வான். "அப்படியே விசிலும் ஊதுடா, நான் டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறேன்" என்று அவனை நான் ஓட்டாத நாளில்லை.

3. அன்று காலை பனிமூட்டம். நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருக்கிறது. அதில் ஒரு கார் மோத, காரில் ஒரு பேருந்து மோதி நின்றது. பேருந்தைக் கண்டதும் தம்பி சொன்னான், நான் பிடித்தேன், எங்கள் வண்டி இடிக்காமல் நின்றது. நின்ற வண்டியைப் பின்னால் வந்த கார்தான் இடித்துப் பேருந்துக்குள் சொருகியது. கம்பியைப் பிடித்திருந்ததால் எனக்குத் தலைக்கு வந்தது காலோடு போயிற்று. கதவை நெம்பி என்னை வெளியே எடுத்து, வெளுத்த விரிப்பில் கிடத்தியவனும் அவன்தான். "கறை போகாதுடா" என்றேன். அழுதுகொண்டே சிரித்தான்.

4. அதன்பின் லாரிக்காரர் கார்க்காரரைக் கை காட்டினார், கார்க்காரர் பேருந்துக்காரரைக் காட்டினார். பழிக்கு மட்டும் பிரேக் கிடையாது போலிருக்கிறது. ஆளுக்கொரு வழக்கு, ஆளுக்கொரு வக்கீல். என் வக்கீலம்மா நல்லவர். "அஞ்சு டிரைவரையும் சேர்த்தாத்தான் எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் நழுவ முடியாது. உங்க தம்பி பேரு சும்மா ஒப்புக்குத்தான்" என்றார். அவர் பென்சிலால் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

5. நீதிமன்றத் தபால் கிடைத்த அன்று தம்பி கடை வாசலில் வந்து நின்று ஒரு வரியை வாசித்துக் காட்டினான். 'நான்காம் எதிர்மனுதாரர் எவ்வித எச்சரிக்கையும் இன்றி, அஜாக்கிரதையாக வாகனத்தைச் செலுத்தினார்.' பிறகு, "நான் சொல்லலையாக்கா?" என்று கேட்டான். நான் ஊன்றுகோலை எடுத்து எழுவதற்குள் போய்விட்டான். வழக்குப் போட்டதைக்கூடப் பொறுத்திருப்பான் ஐயா, அந்த வரிதான் அவனைக் குத்திவிட்டது.

6. அன்றிலிருந்து பேச்சில்லை. போன வாய்தாவில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். வேறு யாரோ தேய்த்த சட்டை, கையில் இரட்டை மடிப்பு விழுந்திருந்தது. எழுந்துபோய்ச் சரிசெய்ய என் கை பரபரத்தது. இப்போது வாடகை வேனில் மூட்டை கொண்டுபோகிறேன். அந்த ஓட்டுநர் வாயைத் திறப்பதே இல்லை. எப்போது பிரேக் போடுவாரோ என்று வழி முழுக்கக் கம்பியைப் பிடித்தபடியே போகிறேன். வண்டி ஓடினாலும் வழி நகர மாட்டேன் என்கிறது.

7. ஆகவே என் தம்பியின் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டுகிறேன். "ஒருத்தரை எடுத்துட்டா இழப்பீடு குறைஞ்சாலும் குறையும்" என்று வக்கீலம்மா எச்சரித்திருக்கிறார். குறையட்டும். பெயரை நீக்கச் சட்டத்தில் இடமில்லை என்றால், அந்த வரியையாவது அடித்துவிட்டு, 'எச்சரித்தார், மனுதாரர் காதால் கேட்டார்' என்று எழுத உத்தரவிட வேண்டும். கூண்டில் ஏறிச் சொல்லவும் தயார். ஊன்றுகோலோடு படியேற யாராவது கை கொடுத்தால் போதும்.

8. உத்தரவின் நகலை நீதிமன்றமே அவனுக்குத் தபாலில் அனுப்பும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். நான் கொடுத்தனுப்புவது எதுவானாலும் திருப்பி அனுப்புகிறான். நீதிமன்ற முத்திரை குத்திய உறையை மட்டும்தான் கையெழுத்துப் போட்டு வாங்குகிறான். அதில் என் சார்பாக வேறு எதுவும் எழுத வேண்டாம். அவன் பிரித்துப் படித்தால் போதும். மீதி இருக்கிற கோபத்தை நேரில் வந்து என்னைத் திட்டித் தீர்த்துக்கொள்ளட்டும். திட்டுவதற்காகவாவது வரட்டும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

சலவைக் கடை அக்கா
(கையெழுத்து, இந்த முறை முழுவதும் படித்துப் பார்த்துப் போட்டது)

இடம்: சலவைக் கடை
நாள்: அடுத்த வாய்தாவுக்கு முந்தைய திங்கட்கிழமை