கேமராவுக்குத் தெரியாத கால்கள்

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும்.

இன்றைய பேப்பரில் அரைப் பக்கம். தில்லை நகரில் ஜனார்தன் நடத்தும் கம்பெனியின் ‘அசைவு’ தீபாவளிக்கு வருகிறதாம். டிவிக்கு மேலே வைக்கும் கேமராப் பெட்டி. கையில் எதையும் பிடிக்க வேண்டாம். எதிரில் நின்று நாம் ஆடினால் திரையில் இருக்கும் உருவமும் அப்படியே ஆடும். உருவாக்கியவர்கள் என்று நாலு பெயர். உடம்பின் அசைவைப் புரிந்துகொள்ளும் பகுதியை முதல் பதினான்கு மாதம் கட்டியவன் நான். அதற்காகக் கல்லூரி வேலையை விட்டவன். என் பெயர் இல்லை. படத்தில் ஜனார்தன் சிரிக்கிறான். ஹாஸ்டலில் என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, எனக்கு முன்னால் கையெழுத்து வாங்கி வந்தானே, அன்று சிரித்த அதே சிரிப்பு.

எழுதப்போகிறேன். கேம் வாங்குகிறவர்கள் படிக்கும் இணையக் குழுவில், டிகிரியோடு பெயரைப் போட்டு. பதினைந்து வருடத்துக்கு முன் வெளிநாட்டிலும் இப்படி ஒரு கேமராவைத்தான் ஆரவாரமாக விற்றார்கள். இதுவும் சொன்னதைச் செய்யாது.

செப்டம்பர் 12, வெள்ளி

மேகனா வந்தாள். அக்கா பெண், அதே கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். கையில் பெட்டி.

“ஜனார்தன் சார் குடுத்தனுப்பினார், மாமா. ‘உங்க மாமாகிட்ட குடு, குத்தம் கண்டுபிடிக்க அவனை விட்டா ஆள் கிடையாது’ன்னார்.”

“என்ன, நக்கலா?”

“தெரியல. சிரிச்சுண்டேதான் சொன்னார்.”

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அளந்தேன். டிவிக்குப் பக்கத்தில் நிலைக்கண்ணாடியைச் சாய்த்து, என் கையும் திரையில் தெரியும் கையும் ஒரே வீடியோவில் விழும்படி செல்போனை வைத்தேன். பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டி, என் கை உயர்ந்து எத்தனை பிரேம் கழித்து அந்தக் கை உயர்கிறது என்று எண்ணினேன்.

என் காலத்தில் கால் விநாடி பிந்தும். பந்து போன பிறகு மட்டை வரும். இதைச் சரிசெய்யாமல் வெளியே காட்டாதே என்றேன், காட்டினான், சண்டை போட்டு வெளியே வந்தேன். இன்று அந்தத் தாமதம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. நான்கு முறை எண்ணினேன். அதேதான். டியூப்லைட் வெளிச்சத்தில்கூட விரல் வரை பார்க்கிறது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு பொருள் நன்றாக வேலை செய்கிறதே என்று ஒருவனுக்கு ஏமாற்றம் வருமானால் — சரி, எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப்போவதில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

ப்ரியம்வதா: “ஏன்னா, டிவி முன்னாடி கையை ஆட்டிண்டு நிக்கறேள், எதிராத்துலேந்து பாக்கறா. ஜன்னலையாவது சாத்திக்கோங்கோ.”

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி சனிக்கிழமை. கோயில் வீதியில் நிற்க இடமில்லை. மாடி வீட்டு சக்ரபாணி, ரயில்வேயில் ரிடையர் ஆனவர், பெருமாளைச் சேவித்துவிட்டு நேரே இங்கே வந்தார். ‘அசைவு’ பெட்டியில் பேட்மின்டன் ஆட வேண்டுமாம்.

எட்டு முழ வேட்டியோடு நின்றார். திரை உருவத்துக்குக் கால் நடுங்கியது. பந்தை எடுக்க ஓர் அடி வைத்தார். உருவம் மண்டியிட்டுத் தரைக்குள் இறங்கிவிட்டது.

“என்னடா தேசிக், இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணுமே இல்லேங்கறதா இது?”

“உங்க வேட்டி, மாமா. உள்ள கால் எங்கன்னு அதுக்குத் தெரியல.”

“இரு, வரேன்.”

மாடிக்குப் போய்ப் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு இறங்கினார். உருவத்துக்குக் கால் முளைத்தது! கோணல்தான், ஆனாலும் இரண்டு கால். நான் சத்தம் போட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று. பிறகு ப்ரியம்வதாவைக் கூப்பிட்டு நிறுத்தினேன். புடவை. உருவம் ஒரே தூணாக மிதந்தது.

“நான் போய் சாதம் வெக்கறேன். அடுக்களையில எனக்குக் கால் இருக்கு.”

கிடைத்துவிட்டது. அவர்களுடைய விளம்பரத்தில் புடவை கட்டிய அம்மாதான் பந்தை அடித்து ஜெயிக்கிறாள். முழுப் பொய். தாமதத்தைப் பற்றி இனி ஒரு வரி வேண்டாம். இது ஒன்று போதும் அவனுக்கு.

செப்டம்பர் 21, ஞாயிறு

கட்டுரை முடிந்தது. ஒரே மூச்சில். ‘அடிப்படை அறிவுகூட இல்லாதவர்கள்’ என்று ஒரு வரி, எனக்கே பிடித்திருந்தது. கீழே தேசிக், எம்.இ., பிஎச்.டி.

ஒரு தகவல் மட்டும் வேண்டியிருந்தது. மனித அசைவைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க நூற்றுக்கணக்கானவர்களை ஆடவைத்துப் படம்பிடித்திருந்தோம். அதில் வேட்டி, புடவை எத்தனை பேர்? மேகனாவுக்குப் போன் போட்டேன்.

“ஒருத்தர்கூட இல்ல, மாமா. ஆரம்பத்துலேந்தே ரூல் அப்படி.”

“எந்த முட்டாள் எழுதின ரூல்?”

 பெயரைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தேன்.

“நீங்கதான் எழுதினேள், மாமா.”

தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ‘டிராக் பேன்ட் கட்டாயம். வேட்டி, புடவை, பாவாடை கூடாது.’ என் கையெழுத்து.

செப்டம்பர் 22, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஞாபகம் வந்துவிட்டது. ஜனார்தன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “ஆத்துல யாருடா டிராக் பேன்ட் போட்டுண்டு இருக்கா?” என்றான். “முதல்ல சுத்தமான டேட்டா. துணியெல்லாம் அப்புறம். உனக்கு இது புரியாது” என்றேன் நான். புரியாது என்று எட்டு பேர் முன்னால் சொன்னேன்.

ஆபீஸைக் கூட்டித் துடைக்க வரும் ரங்கநாயகி ஒரு நாள், “நானும் ஒரு தடவை குதிச்சுப் பாக்கட்டுங்களா, சார்?” என்று கேட்டாள். புடவையைக் காட்டி முடியாது என்றேன்.

பிறர் எனக்குச் செய்தது ஒவ்வொன்றும் தேதியோடு நினைவிருக்கிறது. ரெக்கார்டு நோட்டு — முப்பது வருடம். இது மட்டும் எப்படி மறந்தது? மறந்தேனா, வேண்டாம் என்று தள்ளினேனா?

செப்டம்பர் 24, புதன்

மேகனா வேட்டி விஷயத்தை மீட்டிங்கில் சொல்லியிருக்கிறாள். ஜனார்தனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தேதி கொடுத்தாயிற்று, தீபாவளிக்கு அப்புறம் அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றானாம். புக் செய்தவர்களுக்குச் சொல்லப்போவதில்லை.

“பணம் போட்டவர் ஒருத்தர், ‘யாரு எழுதின ரூல் இது?’ன்னு கேட்டார், மாமா.”

“என்ன சொன்னான்?”

“‘நாங்கதான்’னார். அதோட விட்டுட்டார்.”

என் பெயரை விட்டுவிட்டான். மறுபடியும். இந்த முறை, பழி என் மேல் விழாமல்.

செப்டம்பர் 25, வியாழன்

‘அடிப்படை அறிவு’ வரியை எடுத்துவிட்டேன். புதிதாக எழுதினேன். எதிர்பார்த்தபடி இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: வேகம் இருக்கிறது, நான் நினைத்ததைவிட நன்றாகவே பார்க்கிறது. பேன்ட் போட்டவர்களை மட்டும். உங்கள் அம்மா ஆடுவாள் என்று நம்பிப் புக் செய்திருந்தால் பொறுங்கள். வீட்டில் இருக்கிறபடியே ஆட்களை நிறுத்தி மறுபடி படம்பிடித்தால் மூன்று மாதத்தில் சரியாகும். தேதியைத் தள்ளிப்போடுங்கள் என்று நீங்கள் கேட்டால் அவர்கள் கேட்பார்கள்.

கடைசி வரி: ‘வேட்டியும் புடவையும் கூடாது என்று விதி எழுதியவன் நான்.’

கீழே பெயரும் டிகிரியும் இருந்தன. பெயர் இருந்தால் குழுவில் எல்லோரும் எங்கள் சண்டையைத்தான் படிப்பார்கள். இது ஒரு காரணம். இன்னொன்று வெட்கம். எது பெரிது என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. அழித்தேன்.

பெயரில்லாமலே போடுகிறேன். அந்தக் கடைசி வரியைப் படித்தால் ஜனார்தனுக்கு ஆள் யார் என்று தெரியும். அவனுக்குத் தெரிந்தால் போதும்.