கௌரிக்கு, பாப்பாவின் ரிசல்ட் வந்துவிட்டது

என் கண்ணான தங்கச்சி கௌரி,

பாப்பாவுக்கு நோய் இல்லை. பதினெட்டு மாதம் முடிந்ததும் எடுக்கச் சொன்ன அந்தக் கடைசிப் பரிசோதனையின் முடிவை, செவ்வாய்க்கிழமை திருவள்ளூரில் கையில் கொடுத்தார்கள். உனக்கும் உன் வீட்டுக்காரர் குமாருக்கும் இருந்த ஹெச்.ஐ.வி. அவளுக்கு வரவில்லை. இன்னும் மூன்றே மாதம் இருந்திருந்தால் இதை உன் காதாலேயே கேட்டிருப்பாய்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பாப்பா என் கையிலிருந்த பிஸ்கெட்டைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தாள். உன் மாதிரி நோயுள்ள நாலு பேர் படிக்கட்டும் என்று இந்தக் கடிதத்தை வெளியே கொடுக்கப்போகிறேன். அதனால் உங்கள் பெயர்களையும் ஊர்களையும் மாற்றி எழுதுகிறேன், அவள் பெயரை எழுதவே இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

உனக்குப் பிள்ளை ஆசை வந்தபோது முதலில் வேண்டாம் என்றவள் நான்தான். புதுவாயல் கூட்ரோட்டில் வளையல் கடை வைத்திருப்பவளுக்கு எதையும் லாப நட்டமாகத்தான் பார்க்க வரும். பிள்ளைக்கும் வந்துவிட்டால்? வராமலிருந்து, நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டால்? பிரசவ வலியில் உனக்கு மாத்திரை, பிறந்ததும் பிள்ளைக்குச் சொட்டு மருந்து, பெரும்பாலும் தப்பித்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா சொன்னதை மனப்பாடமாக ஒப்பித்தாய். பெரும்பாலும் என்ற வார்த்தையை நம்பி நான் சரக்குகூட எடுக்க மாட்டேன் என்றேன்.

நீ சண்டை போடவில்லை. "தண்ணி புடிக்கப் போனா 'இன்னா, விசேஷம் இல்லியா'ன்னு கேக்குறாங்கக்கா. நோயைச் சொல்லட்டா, மலடின்னு பேர் வாங்கட்டா?" என்றாய்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரோடுதானே நான் கடை நடத்துகிறேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாய்: "விஷயம் தெரிஞ்சவங்க என்னைப் பாத்தா சாவைத்தான் பாக்குறாங்க. புள்ளன்னு ஒண்ணு இருந்தா, 'புள்ள தூங்குதா, சாப்டுச்சா'ன்னு கேப்பாங்க இல்ல? அதான்க்கா வேணும்."

ஏழாம் மாதம் உனக்கு வளைகாப்பு வைத்தோம். அன்று நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் கண்ணாடி வளையல் என் கடையிலிருந்துதான் போகும். கையை அமுக்கி வளையல் ஏற்றும்போது தினம் ஒன்றாவது உடைந்து கீறும். உன் கை வேறு வீங்கியிருந்தது. உடைந்து, ரத்தம் வந்து, வந்திருந்த பெண்கள்மேல் பட்டுவிட்டால் என்று பயந்து, கண்ணாடியை விட்டுவிட்டு பிளாஸ்டிக் வளையலைத் தட்டில் அடுக்கினேன். பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிட்டது. கையைக் குலுக்கிக் காட்டி, "உள்ள இருக்கிறவளுக்குச் சத்தம் கேக்காதேக்கா" என்று சிரித்தாய். ஒரு சைஸ் பெரிதாக எடுத்திருந்தால் கண்ணாடியே உடையாமல் ஏறியிருக்கும். இத்தனை வருஷம் வளையல் விற்றவளுக்கு அது ஏன் தோன்றவில்லை?

பாப்பா பிறந்த மூன்றாம் மாதம் குமார் போனார். பிறகு உனக்கு டி.பி. வந்தது. பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று நீயாகவே கதவுக்கு அந்தப் பக்கம் பாயைப் போட்டுக்கொண்டாய். அங்கிருந்தபடியே, தூங்கிட்டாளா, சாப்டாளா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன்னை யாராவது அப்படிக் கேட்டார்களா, கௌரி? ஒரு தடவையாவது?

நேற்று ஆரணியிலிருந்து உன் மாமியார் வந்தார். உன் சாவுக்குக்கூட வாசலோடு நின்றவர். ரிசல்ட் கேள்விப்பட்டு வந்திருந்தார். "இத்தினி நாளா பயந்துகினு வரல. இப்ப இன்னா வந்தீங்க?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அவரும் மகனைப் பறிகொடுத்தவர். பயந்துகொண்டு பிளாஸ்டிக் வளையல் எடுத்து வந்தவள்தானே நானும்.

பிள்ளையைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "நீயே வச்சுக்கோம்மா. ஆனா உன்னையே அம்மான்னு கூப்புடட்டும். நீதான் பெத்தேன்னு சொல்லிடு. கௌரி பேச்சே வேணாம். நாளைக்கு ஸ்கூலு, கல்யாணம்னு வந்தா எவளும் நோண்ட மாட்டா" என்றார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆசைப்பட்டேன். அவர் சொன்னதில் பிள்ளைக்கு நல்லதும் இருந்தது. போன வாரமே அவள் என்னைப் பார்த்து 'ம்மா' என்றாள், நானும் திருத்தவில்லை. ஆனால், நாலு பேர் உன்னை ஒரு பிள்ளைக்கு அம்மாவாகப் பார்க்க வேண்டும் என்றுதானே நீ ஆசைப்பட்டாய்? அதையும் நான் எடுத்துக்கொண்டால் நீ இந்த உலகத்தில் இருந்ததற்கு என்ன மிச்சம்?

முடியாது என்றேன். அவர் அழுதார், நானும் அழுதேன். சாயங்காலம் வரை பேசி, கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம். பாப்பா என்னிடம் வளர்வாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஆரணிக்குக் கூட்டிப்போவேன். அக்கம்பக்கத்தில் யாருக்கும் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பெரியம்மா என்றுதான் அவள் கூப்பிடுவாள். அம்மா என்றால் உன் போட்டோ. விவரம் வந்து அவள் கேட்கும் நாளில், நோய் இருப்பது தெரிந்தே, அவள் வேண்டும் வேண்டும் என்று நீ பெற்றாய் என்பதை நான்தான் சொல்வேன், வேறு யாரும் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. உன் மாமியார் சரி என்றார். உனக்கும் இதுதான் என் வாக்கு.

உன் மகளுக்குப் பெரியம்மா,
உனக்கு என்றும் அக்கா