பத்து இருபதுக்குக் கொடுத்த எண்

பிப்ரவரி 12

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது, நீ எழுதி நாலு மாதம் ஆகிறது.

ஒரு போன் போட்டால் ஆகாதா என்று கேட்பாய். போனில் சொன்னதை நம்பித்தான் எனக்கு இந்தக் கதி வந்தது. இனிமேல் எதுவாக இருந்தாலும் எனக்குக் காகிதத்தில் வேண்டும். படிக்கத் தெரியாத மனுஷனுக்குக் காகிதம் எதற்கு என்று தையல்காரம்மாவும் கேட்டாள். "உனக்குத் தெரியும்ல, அது போதும்" என்றேன்.

நேற்று முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கடை டிவியில் சபை ஓடிக்கொண்டிருந்தது. நம் தொகுதி உறுப்பினர், அந்தத் தடித்த கண்ணாடிக்காரர், எழுந்து ரயில் அமைச்சரைக் கேட்டார். போன வருடம் நம் ரயில்வே கேட்டில் காய்கறி வேன் மேல் ரயில் மோதியதே, கேட் பழுது என்று கேட் கீப்பர் முன்னாலேயே சொல்லியிருந்தாரா என்று. அமைச்சர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். "விபத்துக்கு முன் எந்தப் புகாரும் வரவில்லை. கேட் கீப்பரின் கவனக்குறைவே காரணம்." வாசித்தார், உட்கார்ந்துவிட்டார். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பாதித் தலையோடு எழுந்து வரவும் முடியவில்லை.

அந்தத் தாளை எழுதியது யார்?

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயார் பண்ணும் பிரிவில்தானே நீ இருக்கிறாய்? வேலையில் சேர்ந்த அன்று வாசலில் நின்று குடையை விரித்தபடி என்ன சொன்னாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. "அமைச்சர் வாயில வர்ற ஒவ்வொரு வார்த்தையும் எங்க மேசையத் தாண்டித்தாம்பா போகும்." அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

செத்துப்போன வேன் டிரைவரின் பெண்சாதி எதிர்த் தெருவில்தான் இருக்கிறாள். மளிகைக் கடையில் என்னைப் பார்த்தால் பாதிச் சாமானோடு கிளம்பிவிடுகிறாள். நான் முன்னாலேயே சொன்னேன் என்று என்றைக்காவது ஒருநாள் யாராவது அவள் காதில் போடுவார்கள் என்று காத்திருந்தேன். நேற்று சபையே இல்லை என்று சொல்லிவிட்டது.

உண்மையை மறைக்காமல் எழுது.

அப்பா

(தாத்தா திட்டிய இரண்டு வார்த்தைகளை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். தையல்காரி.)


பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாலு மாதமாக எழுதாதது தப்புதான். எப்படிச் சமாதானம் சொன்னாலும் நீங்கள் நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை.

அந்தத் தாளைத் தட்டச்சு செய்தது நான்தான். மறைக்க ஒன்றும் இல்லை. ரயில் துறை என்ன பதில் அனுப்புகிறதோ அதைத்தான் நாங்கள் அடித்துக் கொடுப்போம். "புகார் வரவில்லை என்பதற்கு ஆதாரம் தேவை" என்று குறிப்பு எழுதி இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை மேலதிகாரி கூப்பிட்டார். "ஏம்மா, கேட் கீப்பர் உங்க அப்பாங்கறதுக்காக ஃபைலும் உங்க வீட்டு ஃபைலா?" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்று போனில் பழுதைச் சொன்னபோது ஸ்டேஷன் மாஸ்டர் உங்களுக்கு ஒரு எண் கொடுத்திருப்பார். அது என்ன எண்? உங்களுக்கு மறந்திருக்காது. எனக்கு மட்டும் எழுதுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள், இதற்குமேல் கடிதத்தில் எழுத முடியாத இடத்தில் இருக்கிறேன். 28ஆம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கொடுத்தேன் என்று பொய் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 21

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைத் தையல்காரம்மாவை மூன்று தரம் படிக்கச் சொன்னேன். மூன்று தரமும் ஒரே இடத்தில் எனக்கு நெருடியது. எதற்கு என்று கேட்காதே என்கிறாய். என் வாழ்க்கையில் அப்படிச் சொன்னவர்கள் யாரும் எனக்கு நல்லது செய்ததில்லை.

ஒரு வருடமாக ஒருத்தர்கூட அந்த எண்ணைக் கேட்கவில்லை. விசாரணைக்கு வந்த மூன்று அதிகாரிகளும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தபோது, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க பெரியவரே" என்றார்கள். அவர்கள் வீட்டுத் தாளை அடித்துக் கொடுக்கும் நீ இப்போது கேட்கிறாய், அதுவும் தேதி குறித்து. உன் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்கச் சொன்னது யார்? அந்த மேலதிகாரியா?

அன்று நடந்ததை இன்னொரு தரம் சொல்கிறேன், எழுத்தில் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை. காலை ரயில் ஒன்பது ஐம்பதுக்குப் போனது. கேட் கட்டையைத் தூக்கும்போது அதை இழுக்கும் கம்பி பாதியில் பிசிறிவிட்டது. பத்து இருபதுக்கு ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். "சார், கம்பி போயிட்டு இருக்கு, மூணு நாள் தாங்காது" என்றேன். "சரி, சொல்றேன்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். சொல்லிவிட்டு எண் கொடுத்தார்.

அந்த எண் சங்கதி உனக்குத் தெரியும், தையல்காரம்மாவுக்காகச் சொல்கிறேன். ஸ்டேஷனில் ஒரு அச்சுத் தாள் இருக்கும். அதில் இரண்டு இலக்க எண்கள் முன்னுக்குப் பின் கலைந்து கிடக்கும். எங்களோடு ஒவ்வொரு தடவை பேசி முடிக்கும்போதும் அதில் அடுத்த எண்ணைச் சொல்லி, தாளில் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் நேரம் போடுவார்கள். பேசியது உண்மை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எனக்கு எழுத்து வராது, இலக்கம் வரும். என் கேட் புத்தகத்தில் எண்ணைப் போட்டு, பழுது என்பதற்கு என் வழக்கப்படி ஒரு பெருக்கல் குறியும் போட்டேன். மூன்றாம் நாள் அந்தக் கம்பி அறுந்து, கட்டை இறங்கவில்லை. சிவப்புக் கொடியோடு ஓடினேன். வேன் அதற்குள் தண்டவாளத்தில். அன்றே வந்து புத்தகத்தை எடுத்துப் போனார்கள், அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை.

பத்து இருபதுக்கு எந்த ரயிலும் கிடையாது. ரயில் இல்லாத நேரத்தில் எங்களுக்குள் எண் மாறியிருக்கிறது என்றால் வேறு எதைப் பேசியிருப்போம்? அந்தத் தாள் மட்டும்தான் எனக்கு மிச்சம். எண்ணைத் தெரிந்துகொண்டு அந்தத் தாளையும் காணாமல் பண்ண எத்தனை நேரம் ஆகும்?

ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். முப்பத்தெட்டு.

ஒத்தடம் கொடுத்தேன்.

அப்பா


மார்ச் 2

மகளுக்கு,

இன்று முடிவெட்டும் கடைப் பக்கம் போனேன். டிவியில் அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழையும்போது அவர் கையில் ஒரு தாள், வாயில் "முப்பத்தெட்டு". "முப்பத்தெட்டு என்ற எண் அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஒரு சரக்கு ரயிலுக்காகக் கொடுக்கப்பட்டது. கதைகளை நம்பி சபையின் நேரத்தை வீணாக்க வேண்டாம்." சபையே சிரித்தது. கடையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

முப்பத்தெட்டு என்று நான் சொன்னது இந்த உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான். தையல்காரம்மா எழுதினாள், அவளுக்கு அமைச்சரோடு சங்காத்தம் கிடையாது. பத்தே நாளில் அது அமைச்சர் வாய்க்குப் போய்விட்டது.

இப்போது கேள். அது என் எண்ணே இல்லை. வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். எங்கே போய் முளைக்கிறது என்று பார்க்கத்தான் சொன்னேன். முளைத்துவிட்டது. உண்மையான எண் என்னிடமே இருக்கிறது. அதை உன் அமைச்சரால் என் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

உன் அம்மா இருந்திருந்தால் என்னை இப்படிப் பேச விட்டிருக்க மாட்டாள். அவள் இல்லை. அதனால் சொல்கிறேன், அந்த மேசையிலேயே நீ நன்றாக இரு.

அப்பா


மார்ச் 7

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கடைக்குள் நுழைந்தது ஐந்து நிமிடம் தாமதம்.

அமைச்சருக்கு முன்னால் அந்த எண்ணைச் சொன்னது நம் உறுப்பினர். அவரிடம் சொன்னது நான்.

பதில் வந்த கேள்வியின் மேல் உறுப்பினர் இன்னொரு துணைக் கேள்வி கேட்கலாம். இந்தக் கேள்விக்கு அந்த வாய்ப்பை மார்ச் 2க்கு ஒதுக்கியிருந்தார்கள். தாளை வையுங்கள் என்று வெறுமனே கேட்டால், அந்த நேரத்து எண் வேறொரு கேட்டுக்குக் கொடுத்தது என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். நாளையும் நேரத்தையும் எண்ணையும் முதலில் சபையில் சொல்லிவிட்டு, அப்புறம் தாளைக் கேட்டால் தப்ப வழியில்லை. சபைப் படிக்கட்டில் நின்று உறுப்பினரிடம் இதை விளக்கினேன். "உங்க அப்பா நம்பர சரியாச் சொல்வாராம்மா? வருஷம் ஒண்ணு ஆச்சே" என்றார். "அவருக்கு என் பள்ளிக்கூட வருகை எண்கூட ஞாபகம் இருக்கு சார்" என்றேன்.

அவர் எழுந்து, செவ்வாய், பத்து இருபது, முப்பத்தெட்டு என்றார். இந்தக் கேள்வி வரும் என்று யாரோ மோப்பம் பிடித்திருக்க வேண்டும், துறை தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தது. மிச்சத்தை நீங்கள் டிவியில் பார்த்துவிட்டீர்கள்.

சபை கலைந்ததும் கோப்பைத் திரும்ப எடுத்து வந்தது நான். தாள் உள்ளே இருந்தது. கிழியவில்லை, நனையவில்லை, யாரும் திருத்தவும் இல்லை. செவ்வாய்க்கிழமை, பத்து இருபதுக்கு நேரே உங்கள் எண் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பார்த்தேன். அதை நீங்கள் எனக்கு எழுத வேண்டாம்.

ஒரு தடவை பதில் சொல்லி முடிந்த கேள்வியை அந்தக் கூட்டத்தொடரில் மறுபடி எழுப்ப முடியாது. அடுத்த தொடரில் எழுப்ப நம் உறுப்பினர் தயாராக இல்லை. சபை சிரித்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

படிக்கட்டில் அவரோடு நான் பேசியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அலுவலக விஷயத்தை வெளியே சொன்னதாக என்மேல் விசாரணை, 19ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு. அதுவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். வேலை போகலாம்.

நீங்கள் அமைச்சரைச் சந்தேகப்பட்டது சரி. ஸ்டேஷன் மாஸ்டரைச் சந்தேகப்பட்டதும் சரி. வரிசையில் எனக்கும் ஒரு இடம் போட்டுவிட்டீர்கள், அதைத்தான் எத்தனை நாள் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

மகள்


மார்ச் 11

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் தையல்காரம்மா ஒரு தரம்தான் படித்தாள். இன்னொரு தரம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதினால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் காரியத்துக்கு வருகிறேன். ஒன்றுவிடாமல் கேட்டுக்கொள்.

நேற்று உறுப்பினர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே என்னைத் திட்டினார். திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன், "சார், அந்த நம்பர நான்தான் உங்க வீட்டுக்கு வந்து சொன்னேன். படிக்கட்டுல என் மகளப் பாத்தீங்க, சௌக்கியம் விசாரிச்சீங்க, அவ்வளவுதான்." மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "சபைல நானே தப்பாப் பேசினேன்ங்கறத விட, ஒரு கேட் கீப்பர் வந்து ஏமாத்திட்டான்னா எனக்கும் கொஞ்சம் கௌரவம்தான்" என்றார். ஒத்துக்கொண்டார். அவரையும் முழுக்க நம்ப முடியாது. ஆனால் இதில் அவருக்கும் லாபம் இருக்கிறது, அதனால் நிற்பார்.

19ஆம் தேதி நான் வருகிறேன். விசாரணையில் என்ன சொல்வேன் என்றால், பழி போக வேண்டும் என்பதற்காக நானே ஒரு எண்ணைக் கற்பனை பண்ணிப் போய் உறுப்பினரிடம் பொய் சொன்னேன் என்பேன். பத்து இருபதுக்கு போன் போடவே இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால், அதிலும் கைநாட்டு வைப்பேன். அதைத்தான் கேட்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அதுதான். அது கிடைத்தால் உன்னை விட்டுவிடுவார்கள்.

தையல்காரம்மா இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். "தாத்தா, எதிர்த் தெரு அம்மா காலம் முழுக்க உங்களத்தான் நெனைச்சுத் திட்டும்" என்றாள். "திட்டட்டும், அந்தப் பொண்ணுக்கும் திட்ட ஒரு ஆள் வேணும்ல" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்திருக்கிறாள்.

தாளில் என் எண்ணைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். நான் சொன்னது நிஜம் என்று கண்ணால் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், அது நீ. எனக்கு அது போதும். போதாது என்று இரண்டு நாள் படுத்துப் புரண்டு பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. நமக்குள் பேச்சு இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் இதை நம்ப மாட்டார்கள். உன் கல்யாணத்திலேயே சண்டை, அன்றிலிருந்து உன்னோடு போக்குவரத்து கிடையாது என்று சொல்லப்போகிறேன். மாப்பிள்ளையைப் பற்றியும் இரண்டு வார்த்தை தரக்குறைவாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளச் சொல். நீ எதையும் மறுக்காதே. அதற்கப்புறமும் உன்னைக் கண்காணிப்பார்கள், ஒரு வருடமோ இரண்டு வருடமோ. கடிதம் போடாதே, ஆள் அனுப்பாதே. என் உடம்புக்கு ஏதாவது என்றால் தையல்காரம்மா எழுதுவாள். அவள் எழுதவில்லை என்றால் நான் நன்றாக இருக்கிறேன் என்று எடுத்துக்கொள். இந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் கிழித்துவிடு. உன்னுடையதை நான் அடுப்பில் போட்டுவிட்டேன்.

அந்த அறைக்குள் நான் தடியை ஊன்றி மெதுவாகத்தான் வருவேன். வாசற்படி உயரமாக இருக்கும் என்கிறார்கள். தடுமாறினாலும் நீ எழுந்து வந்துவிடாதே. உன் நாற்காலியில் உட்கார்ந்து உன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிரு, அம்மா.

அப்பா