சலவைக்கூடத்திலிருந்து ஒரு அழைப்பு

மார்ச் 3, செவ்வாய்

காலை ஆறரை. நாங்கள் ஏழு பேரும் ஆஸ்பத்திரி பெட்ஷீட்களை மடித்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் மேடையில் ரேடியோ. இடிமுழக்கம் பேசிக்கொண்டிருந்தான். காலை நிகழ்ச்சி நடத்துகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. தினமும் யாரையாவது பிடித்துக் கிழிகிழியென்று கிழிப்பான், நாங்களும் கைதட்டிச் சிரிப்போம். இன்று கிழித்தது எங்களை.

ஒரு நோயாளியின் மகள் போன் செய்து, எங்கள் ஆஸ்பத்திரியில் கறையும் ஈரமுமாகப் பெட்ஷீட் கொடுத்தார்கள் என்றாள். அது உண்மை. அதோடு விட்டானா? “துவைக்கிறவங்க என்ன பண்றாங்க? ஊர்க்கதை பேசி டீ குடிச்சிட்டு இருப்பாங்க. சோம்பேறிக் கூட்டம்!”

“நேத்து நாம டீ குடிச்சோமாடி?” என்று கேட்டாள் இஸ்திரி போடும் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் டெலிவரி வேன் ஓட்டுகிறார். அவரும் கேட்டிருக்கிறார். அவனுடைய ரசிகர் வேறு.

“உன்னைச் சொல்லல, பொதுவா சொன்னான்.”

“பொதுவான்னா யாரு? நான்தானே?”

“மனசுல பட்டதைப் பட்டுனு சொல்றான், அதனாலதான் கேக்கறோம். வழவழன்னு பேசறவனை எவன் கேப்பான்?”

அதுவும் சரிதான். நானும் அதற்காகத்தான் கேட்டேன், இத்தனை நாளாக. அதனால்தான் இவ்வளவு எரிகிறதோ?

மார்ச் 4, புதன்

அந்த நிகழ்ச்சிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், “ஆதரிச்சுப் பேசப்போறீங்களா, எதிர்த்தா?” என்றாள்.

“எதிர்த்து.”

“லைன்லயே இருங்க.”

இருபத்திரண்டு நிமிடம் இருந்தேன். தோளில் போனை இடுக்கிக்கொண்டே நாற்பது தலையணை உறை மடித்தேன். பிறகு கட்.

மார்ச் 5, வியாழன்

இன்றும் எதிர்த்து. இன்றும் கட்.

மார்ச் 6, வெள்ளி

ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

இன்று “ஆதரிச்சு” என்று சொன்னேன். இரண்டே நிமிடத்தில் அவன் குரல் என் காதில்.

“சொல்லுங்கம்மா, நீங்களும் அந்தப் பெட்ஷீட்ல படுத்தீங்களா?”

“இல்லைங்க. அதைத் துவைச்சவ நான்.”

அவன் வாய் திறப்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

“கறை இருந்தது நிஜம். அதுல உங்களோட ஒத்துப்போறேன். ஆனா மூணு மெஷின்ல ஒண்ணு ரெண்டு மாசமா ஓடல. இன்னொண்ணு துவைக்கும், பிழியாது. தினம் அறுநூறு பெட்ஷீட் வருது. பாதியைக் கையால பிழியறோம். சோம்பேறின்னீங்களே, வந்து பாத்தீங்களா?”

“அம்மா, எல்லாருக்கும் முப்பது செகண்டுதான்—”

“எங்களைத் திட்டினப்ப நீங்க எத்தனை செகண்ட் எடுத்தீங்க?”

பின்னால் ஆறு பேரும் கூச்சல் போட்டார்கள். அது ரேடியோவிலும் கேட்டதாம்! எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

“திங்கக்கிழமை அஞ்சரைக்கு வாங்க. ஒரு மணி நேரம் பிழிங்க. அப்பவும் சோம்பேறின்னு தோணினா தாராளமா சொல்லுங்க.”

“சவாலா? வரேன்!” என்று கத்தினான்.

பத்து மணிக்கு சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். ஆஸ்பத்திரி விஷயத்தை வெளியே பேசியதற்கு எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். “உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?” மெஷினைப் பற்றி மேலிடத்துக்கு நான்கு கடிதம் எழுதிப் பதில் வராமல் காத்திருக்கிறவர் அவர். ஆனாலும் என்னைத்தான் திட்டினார்.

மார்ச் 7, சனி

விளக்கம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி. வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு எழுத்தையும் மாற்றாமல் திருப்பிக் கொடுத்தார்.

“வேலை போச்சுன்னா?” என்றேன்.

“நேத்து வேனை ஓரமா நிறுத்திட்டுத்தான் கேட்டேன். முழுசா. போனா போகட்டும்.”

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டார்!

கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். அந்தக் குரல் இந்த உடம்பிலிருந்தா வருகிறது? காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. விஷயம் தெரிந்து தலைமை நர்ஸம்மா இறங்கி வந்தார். “என் வார்டுக்கு வர்ற துணி. பாக்க வந்தவரை நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார், அவ்வளவுதான்.

மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு என்னோடு பிழிய நின்றார். ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். முதல் பெட்ஷீட்டுக்குப் பேசிக்கொண்டே முறுக்கினார். நாலாவதில் பேச்சு குறைந்தது. ஒன்பதாவதில் மூச்சு மட்டும். அரை நிமிடம் நாடே இடிமுழக்கத்தின் மூச்சைத்தான் கேட்டது.

“சார், டீ வேணுமா?” என்றாள் இஸ்திரி அக்கா. விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பாக்காம பேசிட்டேன். சோம்பேறின்னது தப்பு. இவங்க ஏழு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.” உடனே குரல் ஏறிவிட்டது. “இப்பச் சொல்லுங்க, ரெண்டு மாசமா இந்த மெஷினைச் சரிபண்ணாம தூங்கினது யாரு?”

கூடமே அதிர்ந்தது. சூப்பர்வைசர் மெதுவாகத் தன் நான்கு கடித நகல்களையும் எடுத்து நீட்டினார்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று நிகழ்ச்சியின் மூன்று மணி நேரமும் இதே பேச்சு. ஒருவர், “மன்னிப்புக் கேட்டு எங்க மானத்தை வாங்கிட்டீங்க, சொன்ன சொல்லுல நிக்கணும்” என்று கோபித்தார். ஒரு டீச்சர், “கருத்தே இல்லாதவரைக் கேக்கறதுக்குப் பதிலா பாட்டு கேக்கலாம். ஆனா நேத்துதான் உங்க கருத்தை நான் முதல்முறையா நம்பினேன்” என்றார். கடைசியில் அந்த நோயாளியின் மகள்: “நான் குறை சொன்னது துணியை. அவங்களை இல்ல.”

நான் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மதியம் என் விளக்கக் கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில்: ‘நடவடிக்கை தேவையில்லை.’

மார்ச் 20, வெள்ளி

புது மெஷின் வந்து இறங்கியது. பிழியாத பழையதற்கும் மோட்டார் மாற்றிவிட்டார்கள். முதல் பெட்ஷீட்டை யார் போடுவது என்று சண்டை. ஜெயித்தது நான்தான், வேறு யார்!

மார்ச் 26, வியாழன்

இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு வீட்டுக்கு வந்தேன். வெயில் இந்த நேரத்தில் சமையலறை வரை வரும் என்று எனக்குத் தெரியாது.

மூன்றரைக்கு மகள் பள்ளியிலிருந்து வந்தாள். கையில் சாவியைத் தயாராக வைத்திருந்தவள், கதவு திறந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“உள்ள யாரு?” என்றாள்.

“நான்தான்டி” என்றேன்.