ஏழு நாள் மருந்து

என் கப்பல்காரருக்கு,

நீங்கள் புறப்படுவதற்கு முந்தைய பத்து நாளும் நான் கூடத்தில் தனியாகப் படுத்தது கோபத்தால் இல்லை. கீழே அப்படியொரு அரிப்பு, எரிச்சல். திரிந்த பால் போல வெள்ளைப்படுதல் வேறு. பேருந்து ஓட்ட இருக்கையில் உட்கார முடியவில்லை. உங்களிடம் சொல்ல நா எழவில்லை. ஏதேதோ நினைத்துவிட்டேன், உங்களிடமிருந்து ஒட்டியதோ என்றுகூட. மன்னித்துவிடுங்கள்.

போன வாரம் துணிந்து டாக்டரம்மாவிடம் போனேன். சோதித்துவிட்டுச் சிரித்தார்.

“பூஞ்சைத் தொற்றும்மா. முக்கால்வாசிப் பொம்பளைங்களுக்கு வர்றதுதான், யார் மேலயும் தப்பில்ல. தினமும் படுக்கப் போறப்ப ஒரு மாத்திரைய உள்ள வைங்க. முதல்ல லேசா எரியலாம், மருந்து கொஞ்சம் கசியும், பயப்படாதீங்க. மூணு நாள்ல அரிப்பு குறையும். குறைஞ்சிடுச்சேன்னு நிறுத்தக் கூடாது, ஏழு நாளும் வைக்கணும். அதுவரைக்கும் வீட்டுக்காரர் தள்ளி இருக்கட்டும்.”

“ஒரு கடல் தள்ளித்தான் இருக்காரு டாக்டர்” என்றேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. நேற்றோடு ஏழு நாளும் முடிந்தன. அரிப்பு போன இடம் தெரியவில்லை. இன்று பாடிக்கொண்டே பேருந்து ஓட்டினேன்.

“என்னடி, கல்யாணக் களை?” என்றார் நடத்துநர் அக்கா.

“ஆமாக்கா, அதே மாப்பிள்ளையோடதான்” என்றேன்.

சீக்கிரம் கரை ஏறுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி