வரி வரியாக வாசிக்கிற சார்

பவித்ரா என் மேசைமேல் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பையை இன்று காலை பிரித்தேன். உள்ளே கறுப்பு ரப்பர் வளையங்கள். தண்ணீர்க் குழாய்களை இணைக்கும்போது நடுவில் பொருத்துவார்களே, அவை. பையின் வாய் திறந்ததும் கந்தகமும் சூடான ரப்பரும் கலந்த வாடை எழுந்தது. அந்த வாடையில் எனக்கு முதலில் நினைவு வந்தது தொழிற்சாலை அல்ல, உங்கள் சட்டை.

நம் துறை வராந்தாவில் நீங்கள் வருவதற்கு முன்பே அது வந்துவிடும். நானும் வேதியியல்தான் படித்தேன். ரப்பரைப் பற்றித்தான் பாடமும் எடுத்தேன். ஆனால் என் சட்டையில் சலவைப் பொடி வாசனை மட்டுமே இருக்கும். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் நான் ஓரமாக நிற்பேன், நீங்கள் இயந்திரத்துக்குள் தலையை விடுவீர்கள். அன்றைக்கே அது எனக்குப் பொறுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நீங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். அதுவும் எனக்குப் பொறுத்திருக்காது.

ஒரே துறை, ஒரே சம்பளம், ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை நீங்கள் எனக்குச் ‘சார்’, நான் உங்களுக்கு ‘வாத்தியாரே’. ஊரில் மற்ற எல்லாரும் உங்களுக்கு மாப்ள. ஆலை முதலாளி மாப்ள, அவருடைய கணக்குப்பிள்ளை மாப்ள, வாசல் காவலாளியும் மாப்ள. என்னை மட்டும் ஒருநாளும் நீங்கள் மாப்ள என்று கூப்பிட்டதில்லை.

புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒருநாள் வகுப்பு வைப்பீர்கள், தொழில் நடத்துகிறவர்களோடு சேர்ந்து எப்படி வேலை செய்வது என்று. நாற்காலி போதாமல் சன்னல் திண்டில் உட்கார்ந்து கேட்பார்கள். “மொத தடவ கம்பெனிக்குப் போறப்ப வாய மூடிட்டுக் காதத் தொறங்க. அவிய்ங்க கஷ்டம் என்னன்னு கேக்காம நீங்க படிச்சதச் சொன்னீங்கன்னா, டீ வரும், அடுத்த தடவ கேட் தொறக்காது,” என்பீர்கள். அரங்கம் குலுங்கும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, நாம் போட்ட ஒப்பந்தங்களின் படிகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். யார் எதைத் தருவது, எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அத்தனையும் நான் எழுதியவை. “நான் பேசுறேன், நீ எழுது வாத்தியாரே,” என்பதுதான் நம் ஏற்பாடு. பேசியதை எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் இறந்த அன்று அலங்காநல்லூர் சாலையில் இருக்கும் அந்த ரப்பர் தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் முழுவதும் அச்சு இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். உங்கள் வீட்டு வாசலில் நின்று அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. கூடவே, எனக்காக ஒரு மின்விசிறியாவது நிற்குமா என்ற நினைப்பும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டு அந்த ஒருநாள் வகுப்பை எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். உங்களோடு போய்வந்தவன் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. நான் ஒழுங்காகத் தயார் செய்துகொண்டு போனேன். இடைவேளையில் வடை தின்னப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் ஒருத்தி கடைசிவரை இருந்து, விளக்கை அணைத்தபிறகு என்னிடம் வந்தாள். அவள்தான் பவித்ரா. புது மாணவியும் அல்ல, ஆராய்ச்சியை முடிக்கும் நிலையில் இருந்தவள்.

“நன்றி சொன்னது தப்பா சார்?” என்றுதான் ஆரம்பித்தாள்.

நடந்தது இதுதான். வெயிலில் கிடக்கும் குழாய் வளையங்களில் ஏன் வெடிப்பு விழுகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. வளையமும் கொடுத்து, தங்கள் இயந்திரத்தில் சோதனை செய்யவும் விட்டது உங்களுக்காக இயந்திரத்தை நிறுத்திய அதே தொழிற்சாலை. முதலாளிப் பெரியவர் காலமான பிறகு அவர் மகன் கண்ணன்தான் நடத்துகிறார். ஒரு கருத்தரங்கில் பவித்ரா தன் ஆராய்ச்சியைப் பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டினாள். மேலே, ‘குழாய் வளையங்களில் வெடிப்பு’ என்று தலைப்பு. கீழே அந்தத் தொழிற்சாலையின் பெயரைத் தன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட்டு நன்றி சொல்லியிருந்தாள். யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட, அது வளையம் வாங்குகிற ஒப்பந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. “என்னண்ணே, உங்க வளையம் வெடிக்குதாம்ல, யுனிவர்சிட்டியிலயே எழுதி ஒட்டிருக்காய்ங்க,” என்று அவர் கண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார்.

வெயிலில் போட்டால் எல்லார் வளையமும்தான் வெடிக்கும். ஏன் வெடிக்கிறது என்று கேட்டவர் கண்ணன் ஒருவர்தான். கேட்டவருக்குக் கெட்ட பெயர்.

மறுநாளே அவர் மிச்சமிருந்த வளையங்களை ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டார். “எடுத்துட்டுப் போ தாயி. எங்க கம்பெனியில செஞ்சதுல ஒரு வரி வெளிய வரக்கூடாது.” வரி வெளியே வராவிட்டால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாவிட்டால் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. உதவித்தொகை முடிந்துவிட்டது. வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கு என்று அவளுடைய வழிகாட்டி சொல்லிவிட்டார். அப்படித் தொடங்க வீட்டில் விடமாட்டார்கள் என்றாள்.

“அந்த சார் இருந்திருந்தா ஒரு போன்ல முடிச்சிருப்பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க அவரோட போவீங்களாமே சார்?”

அவரோட போவீங்களாமே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்து நான் சேர்த்த பெயர் இதுதான். இருந்தும் சரி என்றேன்.

அவள் ஸ்கூட்டியின் பின்னால், கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு போனேன். காளவாசல் சந்திப்பில் ஒரு லாரிக்கும் பேருந்துக்கும் நடுவில் அவள் வண்டியை நுழைத்தபோது, உங்களைச் சீக்கிரமே நேரில் பார்த்துவிடுவேன் என்று தோன்றியது. தொழிற்சாலை வாசலில் காவலாளி என்னை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போன் செய்தார். “அவரோட வருவாருல்ல, அந்த சார் வந்திருக்காரு.”

வழியெல்லாம் உங்களைப் போலத் தொடங்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். கண்ணனின் அறைக்குள் நுழைந்ததும், “என்ன மாப்ள, நீ மெஷின ஓட்டுறியா, மெஷின் உன்ன ஓட்டுதா?” என்றேன். கண்ணன் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். பவித்ரா தரையைப் பார்த்தாள்.

“உக்காருங்க சார்,” என்றார் கண்ணன். “அவரு இருந்திருந்தா இது நடந்திருக்குமா? ஒட்டுறதுக்கு முன்னாடியே ‘டேய் கண்ணா, இப்புடிப் போடவா’ன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பாரு.”

“கேட்டிருப்பார். எனக்கு அவர் மாதிரிப் பேச வராது,” என்றேன்.

“அதான் தெரியுதே.”

அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. என் பழக்கம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பவித்ராவின் ஆய்வேட்டைக் கையில் எடுத்தேன். “நான் இதை வரி வரியாகத் தமிழில் சொல்லி வாசிக்கிறேன். எந்த வரி உங்களுக்கு உறுத்துகிறதோ, அங்கே நிறுத்துங்கள். நிறுத்திய வரி வெளியே வராது,” என்றேன்.

“முழுசுமா?”

“முழுவதும்.”

“எனக்கு ரெண்டு லோடு அனுப்பணும் சார்.”

“அனுப்பிவிட்டு வாருங்கள். இருக்கிறேன்.”

முதல் பக்கங்களில் அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்துக்கொண்டே போனேன். ரப்பரில் என்னென்ன கலந்தார்கள் என்ற பகுதி வந்ததும் பவித்ரா முந்திக்கொண்டு, “இத எடுத்துடுறேன் அண்ணே,” என்றாள். அவளுடைய உழைப்பில் பாதி அதில்தான் இருந்தது.

“அத ஏன் எடுக்குற?” என்றார் கண்ணன். “அந்தக் கலவ எல்லாப் பயலுக்கும் தெரியும். எங்கப்பாவே நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. மேல படிங்க சார்.”

போன் மேசைமேல் கவிழ்ந்தது. எத்தனை சூட்டில் தொடங்கி, எங்கே நிறுத்தி, மறுபடி எப்படி ஏற்றினார்கள் என்ற பத்தியை வாசித்தபோது அவர் கை உயர்ந்தது. “இது. இது மட்டும் வேணாம். இது நாங்க கையச் சுட்டுக்கிட்டுக் கத்துக்கிட்டது.” பவித்ரா அதை ஒரு சாதாரண விவரம் என்று நினைத்து மூன்றாவது பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாள். அவள் பொக்கிஷம் என்று நினைத்ததை அவர் தள்ளிவிட்டார். அவர் பொக்கிஷத்தை அவள் தெருவில் வைத்திருந்தாள். இத்தனை காலம் சேர்ந்து வேலை செய்த இருவரும் இதை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அந்தப் பத்தி இல்லாமல் தேர்வாளர்கள் ஏற்கமாட்டார்கள் என்றாள் பவித்ரா. அப்படியானால் எல்லாருக்கும் தெரிந்த சூட்டிலேயே நம் ஆய்வகத்தில் ரப்பர் தகடு செய்து, வெடிப்புச் சோதனையைத் திரும்பச் செய்யலாமா என்று கேட்டேன். வெடிப்பின் காரணம் அதிலும் தெரிந்துவிடும். இவர்கள் வளையத்தைப் பற்றி எழுதவே வேண்டாம். சில மாதம் கூடும், ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அவள் விரலால் மேசையில் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “முடியும் சார்,” என்றாள்.

“எங்க பேரு?” என்றார் கண்ணன்.

“வராது. நன்றியிலும் வராது.”

அவர் ஆய்வேட்டை வாங்கி மூடி அவளிடம் தந்தார். பிறகு, “தகடு போட எங்க சின்ன மோல்டயே எடுத்துக்க தாயி,” என்றார். “ஆனா இனிமே எதப் போடுறதா இருந்தாலும் வாசிச்சுக் காட்டிட்டுப் போடணும். நீ வாசிச்சா எனக்கு வெளங்காது, ரயிலு மாதிரிப் போவ. சார் வந்து வாசிக்கட்டும்.” வெளியே வரும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னார், “அவரா இருந்தா ஒரு டீயில முடிச்சிருப்பாரு சார். நீங்க மத்தியானச் சாப்பாட்டையும் தள்ளிட்டீங்க.”

வழியெல்லாம் அந்த ஒரு டீ என்னை அரித்தது. வாசித்தது நான், வழி சொன்னது நான், பசியோடு இருந்ததும் நான். கடைசி வார்த்தையில் வந்து உட்கார்ந்துகொண்டது நீங்கள்.

பவித்ரா போன வாரம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். நேற்று ஒரு பிரதியும், மிச்ச வளையங்களும் கொண்டுவந்து தந்தாள். நன்றி சொல்லும் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன், வேறு எதற்காகப் புரட்டுவேன். பெயரில்லாத ‘ஒரு தொழிற்சாலை’க்கு நன்றி. பிறகு உங்களுக்கு. அடுத்து எனக்கு. “அவரை நீ பார்த்ததே இல்லையே,” என்றேன். “இல்ல சார், ஆனா கண்ணன் அண்ணே உங்கள உள்ள விட்டது அவராலதான,” என்றாள். காபி கொடுத்து அனுப்பினேன்.

அவள் போனபிறகு ஒரு போன் வந்தது. சாயப்பட்டறையோடு வேலை செய்யும் ஓர் இளைஞன். அவனுக்கும் ஏதோ தகராறு. “வரி வரியா வாசிக்கிற சார் நீங்கதான? கண்ணன் அண்ணே நம்பர் குடுத்தாரு,” என்றான்.

என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் இல்லை. அவரோட வருவாரே என்று இல்லை. போனை வைத்ததும் உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. விரல் தானாக உங்கள் எண்ணுக்குப் போய்விட்டது. அதை நான் இன்னும் அழிக்கவில்லை. பெருமை பேசவும் எனக்கு நீங்கள்தான் வேண்டியிருக்கிறது என்றால், இதைவிட என்ன தோல்வி இருக்கிறது சார்?

வெடித்த வளையம் ஒன்றை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். வாடை இன்னும் போகவில்லை. நாளை காலை அந்தச் சாயப்பட்டறைக்குப் போகிறேன். மாப்ள என்று தொடங்கமாட்டேன். உட்கார்ந்து வாசிப்பேன். அந்த முதலாளிக்கு உங்களைத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். தெரியாது என்று தெரிந்துவிட்டால், டீ வருவதற்குள் நானே உங்கள் பேச்சை எடுத்துவிடுவேன்.