இரண்டு டிஸ்க்கும் உயிரோடுதான் இருக்கின்றன

தம்பி,

சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

"உன் டிஸ்க்தான்க்கா என்னோடதைக் கெடுத்துடுச்சு"ன்னு நேற்று குதித்தாயே, இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. நம் பழைய கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்டு டிஸ்க்குக்கும் ஒரே பட்டைக் கேபிள். எது முதல், எது இரண்டாவது என்று மதர்போர்டுக்குச் சொல்வது டிஸ்க்கின் பின்னால் செருகியிருக்கும் ஜம்பர் என்ற குட்டித் துண்டு. நாம் இருவருமே அவரவர் டிஸ்க்கை முதலாவதாக வைத்துவிட்டோம். போர்டு குழம்பிப்போய் எதையுமே காட்டவில்லை. என்னுடையதை இரண்டாவதாக மாற்றினேன், இரண்டும் வந்துவிட்டன.

உன்னுடையதில் நாம் ஆடிய அந்தக் கார் பந்தய விளையாட்டு அப்படியே இருக்கிறது. "அக்காவை ஜெயிச்ச நாள்" என்று பெயர் வைத்துச் சேமித்திருக்கிறாய், வாலு!

சாவி பக்கத்து வீட்டில்.

இன்னொன்று: அன்று நான் விட்டுக்கொடுத்ததாக இன்னமும் நினைக்கிறாய். இல்லைடா, நிஜமாகவே தோற்றேன்.

அக்கா